உப்புப் போத்தல்

மூன்று கட்டை இறங்கி வருவான் தவசீலன்,
மேல் டிவிசனிலிருந்து, மானாப்புல் நடுவே குறுக்குப் பாதையில்.
முதல் மணி அடித்து, தேவாரம் முடிந்து,
நான் இடாப்பைத் திறக்கையில்தான் வாசலில் நிற்பான்.
வெள்ளைக் காலுறையில் சிவப்பு ஊறியிருக்கும்.
அட்டை கடித்தது அவனுக்கே தெரிந்திராது.

"அட்டை வந்திருச்சு" என்றான் ரொஷாந்தன்
கடைசி வாங்கிலிருந்து. சத்தமாகக்கூட இல்லை.
வகுப்பு சிரித்தது. நானும்.
வைகாசி மழை தொடங்கிய கிழமை அது.
ஆனி முடிவதற்குள்
அவனுக்கு வேறு பெயரே இல்லாமல் போயிற்று.
கணித சேர்கூட ஒருமுறை, சோக்கை உடைத்துக்கொண்டே,
"அட்டை, நீ வா பலகைக்கு" என்றுவிட்டு
வாய் தவறியதற்குத் தானும் சிரித்தார்.
அவன் போய் வட்டம் வரைந்தான்.
நல்ல வட்டம்.

பிறகுதான் உப்பு.
அட்டைக்கு உப்புத்தானே மருந்து.
கொப்பிக்குள் உப்பு, சட்டைக் கொலருக்குள் உப்பு,
ரொட்டி சுற்றிய தாளைப் பிரித்தால் அதற்குள்ளும்.
அவன் தட்டிவிட்டுச் சாப்பிட்டான்.
தட்டிவிட்டுச் சாப்பிடுவதைப் பார்க்க
பக்கத்து வகுப்பிலிருந்தும் வந்தார்கள்.
பேசியவர் பெயரைப் பலகையில் எழுதுவது
மொனிட்டரான என் வேலை.
உப்புப் போட்டவர் பெயரை எழுதச் சொல்லி
யாரும் சொல்லவில்லை.

ஆடியில் ஒரு செவ்வாய்க்கிழமை. கேத்திரகணிதப் பாடம் விட்ட நேரம்.
குழாயடியில் ஆறாம் ஆண்டு வினுஜன்.
அதே மேல் டிவிசன், அதே லயத்தில் தொங்கல் காம்பரா.
காலையில் தவசீலன் கையைப் பிடித்து
ஓடை தாண்டி வருகிறவன்.
பெரிய பையன்கள் சிரிப்பதைக் கேட்டு
தானும் ஒரு நிமிடம் பெரியவனாகி
"அட்டை அண்ணே" என்றான்.
அண்ணே என்பதை விடவில்லை.

கவராயம் கையிலேயே இருந்தது.
கண்ணுக்குக் கீழே, ஒரு விரல் தள்ளி.

முதலில் ஓடியது ரொஷாந்தன்தான்.
சின்னவனைத் தூக்கி, தன் கழுத்துப்பட்டியால் அமுக்கி,
கொழுந்து லொறியை நடு ரோட்டில் மறித்து
மஸ்கெலியா ஆஸ்பத்திரி வரை மடியில் வைத்திருந்தான்.
மறுநாள் காலைக் கூட்டத்தில்
அதிபர் அவன் பெயரைச் சொன்னார். கைதட்டினோம்.
அவன் பதறியது நடிப்பில்லை.
எனக்கு இன்றுவரை விளங்காதது அதுதான்.

விசாரணையில் எனக்கொரு தாள் தந்தார்கள்.
கண்டதை மட்டும் எழுது என்றார்கள்.
செவ்வாய், குழாயடி, கவராயம், இரத்தம்.
ஒரு சொல்லும் பிழையில்லை.
திகதி போட்டு ஒப்பமும் வைத்தேன்.
தவசீலனிடம் ஏன் என்று கேட்டார்கள்.
அவன் தன் கால்களையே பார்த்துக்கொண்டு நின்றான்.
விடுகைப் பத்திரத்தில் நடத்தை என்ற இடத்துக்கு நேரே
ஒரு சொல் எழுதிக் கொடுத்தார்கள்.
அரைப்பேரோடு வேலையை விட்டு வந்த அவன் அம்மா
அது என்ன சொல் என்று கேட்கவில்லை.
நனையாமல் ரவிக்கைக்குள் வைத்துக்கொண்டாள்.

அந்தத் தாளில் நான் எழுதாதது:
மனையியல் அறைச் சாவி என்னிடம் இருந்தது.
உப்புப் போத்தல் கிழமைக்குக் கிழமை குறைந்தது.
ஒரு வெள்ளிக்கிழமை, வீட்டிலிருந்து கொண்டுபோய்
நானே நிரப்பி வைத்தேன்.

போன மாதம் ஹற்றன் பஸ்ஸில்
கொண்டக்டர் டிக்கெட் கிழிக்கக் குனிந்தான்.
இடது கண்ணுக்குக் கீழே
உப்புக்கல் அளவில் ஒரு தழும்பு.
பெயரைக் கேட்க வாயெடுத்தேன்.
"சில்லறையாக் குடுங்கக்கா" என்றான்.
நோர்வூட் தாண்டும்வரை
பையைத் துழாவிக்கொண்டே இருந்தேன்.