ஒட்டுப்பூ

கல்முனை பஸ் நிலையத்துக்கு முன்னால்
நுவரெலியாவில் இருந்து வந்த லொறி.
பின்கதவைத் திறந்துவைத்து
முந்நூற்றைம்பது, முந்நூற்றைம்பது என்று கத்தினான் ஒரு பொடியன்.
கறுத்தப் பிளாஸ்டிக் சட்டிக்குள்
மயிர் முளைத்த எலுமிச்சங்காய் போல ஒரு கள்ளி.
உச்சியில் மஞ்சள் பூ.

பூவுக்காகத்தான் வாங்கினேன்.
மூன்று கிழமை அது வாடவில்லை.
ஒஃபிசில் எல்லோருக்கும் போனில் படம் காட்டினேன்.
நாலாம் கிழமை தூசி தட்டப் போய்
இதழைத் தொட்டால்
கடதாசிபோல் சரசரத்தது.
அடியில் உறைந்த பசை, ஒரு துளி.

ஏமாந்தது பெரிதில்லை.
வளர வேண்டிய இடத்தை அல்லவா
அடைத்துவைத்திருக்கிறான்.
ஒரு வெள்ளிக்கிழமை முழுதும்
சாவணத்தால் கிள்ளிக் கிள்ளி எடுத்தேன்.
பூ வந்தது. பசை வந்தது.
கொஞ்சம் தோலும் வந்தது.
என் விரல்களில் பதினொரு முள்,
அதன் தலையில் புளியங்கொட்டை அளவு தழும்பு.

எருமைத் தயிர் முட்டியைக் கழுவிக் காயவைத்து
ஆணியால் துளைக்கப் பார்த்தேன், பிளந்தது.
இரண்டாவதும் பிளந்தது.
மூன்றாவதை இரவு முழுக்க ஊறவைத்துத் துளைத்தேன்.
அந்தக் கிழமை எங்கள் வீட்டில்
மூன்று நேரமும் தயிர்தான்.
சாய்ந்தமருதில் கடல் கூப்பிடு தூரம்,
மணலுக்கா பஞ்சம். ஆனால் உப்பு.
எதிர்வீட்டில் சுவர் எழுப்பிக்கொண்டிருந்த பாஸிடம்
ஆற்று மணல் நாலு கை கேட்டேன்.
"வீடு கட்டவா பிள்ளை?"
"ஓம். ஒரு ஆளுக்கு."

எனக்கு வேலை நீர் வழங்கல் சபையில்.
பில் கூடிப்போச்சு, லைனை வெட்டிப்போட்டாங்க,
மேல் மாடிக்கு ஏறுதில்ல,
எட்டரையில் இருந்து நாலேகால் வரை
தண்ணி தண்ணி என்று வரிசை.
வீட்டுக்கு வந்தால் கேட்காமல் இருக்கிற ஒன்று.
ஈர்க்கிலை மண்ணில் குத்தி எடுப்பேன்.
மண் ஒட்டினால் இன்றைக்கு இல்லை.
கச்சான் வீசும் மாதங்களில் பத்து நாளைக்கு ஒரு தரம்,
மாரியில் அதுவும் இல்லை.
கதவுப் பலகையே ஊதிப்போகிற ஊர்,
காற்றில் கிடைப்பது போதும்.

சிபானா மச்சிக்கு இது பொறுக்காது.
"என்னகா, அதுக்கும் வாய் இருக்குத்தானே?"
தேத்தண்ணிக் கோப்பை கழுவிய தண்ணியை
நான் இல்லாத நேரம் ஊற்றிவிடுவா.
ஒக்டோபரில் அடி மெத்தென்று ஆனது.
அழுகிய வேரை வெட்டி
ஒரு கிழமை நிழலில் கிடத்திவைத்தேன்,
பழைய பேப்பரின் மரண அறிவித்தல் பக்கத்தில்.
வேண்டுமென்று இல்லை, கைக்கு அதுதான் வந்தது.
மச்சி மூன்று நாள் என்னோடு பேசவில்லை.
நானும்தான்.
திரும்ப நட்டபோது முட்டியில் டேப் ஒட்டி எழுதினேன்:
இன்று நோன்பு.
ஜனவரி முடியும்வரை அதைக் கழற்றவில்லை.
அவ ஒரு நாளும் ஊற்றவில்லை.

மார்ச்சில் மொட்டு.
தழும்பில் இல்லை, தழும்பைச் சுற்றி,
குண்டூசித் தலை அளவில் ஏழு.
காலையில் போகும்போது மூடியிருக்கும்,
பின்னேரம் வந்தாலும் மூடியிருக்கும்.
"பகல்ல விரிஞ்சிச்சுகா. ரோசாக் கலர்.
நீ காட்டின மஞ்சள் இல்ல" என்றா மச்சி,
சோறு வடித்துக்கொண்டே,
தன் வீட்டுச் செய்திபோல.

இன்று ஷோர்ட் லீவ் போட்டேன்.
காரணம் என்ற இடத்தில்: குடும்ப அலுவல்.
பன்னிரண்டரை வெயிலில் ஸ்கூட்டியை நிறுத்தி
படியேறிப் போனால்
ஜன்னலடியில் கதிரை போட்டு
மச்சி குனிந்திருக்கிறா,
மூக்கு முள்ளில் முட்டுகிற அளவுக்கு.
என்னைக் கண்டதும் எழும்பி,
"சும்மாதான், ஒரு இலையான் வந்திச்சு."

ஏழில் நாலு விரிந்திருந்தன.
சட்டைப் பொத்தானைவிடச் சின்னது ஒவ்வொன்றும்.
உண்மையா என்று பார்க்க
என் விரல் ஒருமுறை எழும்பியது.
மச்சி தட்டிவிட்டா.

ஒரு கதிரையில் இரண்டு பேர்,
ஆளுக்கு அரைவாசி.
"சோறு போடவா?"
"பொறுங்க மச்சி.
இன்னும் பத்து நிமிஷம் கிடக்கு."