பின்பக்க இடது சக்கரம்

நாலாயிரத்து எண்ணூறு யூரோ என்றார் எவால்தாஸ்.
பதினெட்டு வயது வண்டி.
புதிதாய் வாங்கியபோது, அதே விலைக்கு
இந்தத் தெருவில் இரண்டு அறை வீடு கிடைத்ததாம்.

கறுப்பு. முழுக் கறுப்பும் இல்லை,
வெளிச்சம் சரிந்து விழுந்தால் கத்தரிக்காய்த் தோல்.
கதவைச் சாத்தினேன்.
'ம்' என்றது, அவ்வளவுதான்.

ஜெரார்தாஸ் அடியில் படுத்து டார்ச் அடித்தான்.
இருபது யூரோவும் ஒரு பொட்டலம் புகைபோட்ட மீனும் அவன் கூலி.
எழுந்து வந்து விரல்களை மடக்கினான்:
ஆயில் கசிவு, டர்போ குழாய்,
கிளைபேடாவின் உப்பு தின்ற ஓரங்கள்.
"கியர் பெட்டி நல்லாத்தான் இருக்கு. இன்னைக்கு."
அப்புறம் என் காதருகே:
"நியோலே, இது யானையைக் கட்டித் தீனி போடுற கதை."

தெரியும்.
இருபது வருடமாய்
நாற்பது மீட்டர் உயரத்தில்
கண்ணாடித் தரைமேல் உட்கார்ந்து
கண்டெய்னர் தூக்குகிறேன்.
இந்த மாதிரி வண்டிகள் துறைமுக வாசலுக்கு வரும்.
மேலிருந்து எனக்குத் தெரிவது கூரை மட்டும்.
லாடா கூரைக்கும் இதற்கும்
அங்கிருந்து பெரிய வித்தியாசம் கிடையாது.

அதனால்தானோ என்னவோ
முதலில் பின்சீட்டில் ஏறி உட்கார்ந்தேன்.
எவால்தாஸ் சிரிக்கவில்லை.
"நோட்டரி வேலை பார்த்த முப்பது வருடத்தில்
நான் அங்கே உட்கார்ந்ததே இல்லை" என்றார்.
சீட்டைச் சூடாக்கும் பொத்தான் எரிந்தது.
என் முட்டியில் குடியிருந்த குளிர்
மெல்ல எழுந்து வெளியே போயிற்று.

குளியலறைக்கு டைல்ஸ் போடச் சேர்த்த பணம்.
ஓட்டிக்கொண்டு எங்கே போவாய் என்று கேட்டாள் தங்கை.
வேலைக்கு. பதினோரு நிமிடம்.
ஏழாம் நம்பர் பஸ்ஸும் அதே பதினோரு நிமிடம்தான்.
பதில் சொல்லாமல்
தேவைக்கு மேல் உருளைக்கிழங்கு உரித்தேன்.

நாளைக் காலை ஏழு மணிக்கு வருகிறேன் என்று சொல்லிவிட்டு
ஆறேகாலுக்கே போனேன்.
ஜெரார்தாஸ் சொல்லிக்கொடுத்த திருட்டுத்தனம்:
காற்று சஸ்பென்ஷன் கசிவதைப்
பகலில் எவனும் பிடிக்க முடியாது,
ராத்திரி முழுக்க நிற்க விட்டுப் பார்.

இருட்டு. வேலிக்கு வெளியே நின்றேன்.
தெருவிளக்கின் கீழே வண்டி
பின்பக்க இடது மூலையில் தாழ்ந்து கிடந்தது.
பாதிச் சக்கரத்தைக் காணோம்.
முதுகெல்லாம் பனியோடு
கட்டிலுக்கடியில் செருப்பைத் துழாவும்
பெரிய மனிதர் மாதிரி.

அப்போது கதவு திறந்தது.
எவால்தாஸ். இரவு அங்கிமேல் கோட்டு, கையில் சாவி.
ஏழு மணிக்குள் தூக்கி நிறுத்த வேண்டுமே.
எட்டு சிலிண்டரும்
பக்கத்து வீட்டு நாயை எழுப்பாமல் விழித்தன.
அவர் நிமிர்ந்தார். என்னைப் பார்த்தார்.

இரண்டு பேரும் பேசவில்லை.
எங்களுக்கு நடுவில் வண்டி ஏறத் தொடங்கியது.
ஒரு விரலகலம். இன்னொரு விரலகலம்.
கிரேன் சுமையை எடுக்கும் முன்
கம்பிவடம் இறுகுமே, அந்த நிதானம்.
ஒரு பொருள் எழும்புவதைத்
தரையில் நின்று பார்த்துப் பழக்கமில்லை எனக்கு.

முழுசாய் நிமிர இரண்டு நிமிடம்.
"எத்தனை நாளாய்?" என்றேன்.
"மூன்று குளிர்காலம்.
இதை எழுப்பிவிட்டுத்தான் காபி போடுவேன்."
கொஞ்சம் பொறுத்து, நான் கேட்காமலே:
"நாலாயிரம்."

ஏழரைக்கு ஷிப்டு.
தெரு முனையில் ஏழாம் நம்பரின் விளக்கு தெரிந்தது.
"ஒருதடவை அணைத்துக் காட்டுங்கள்" என்றேன்.
"இறங்க எவ்வளவு நேரம் ஆகிறதென்று பார்க்கணும்."
அணைத்தார்.
ஆளுக்கொரு பக்கம்
வேலிக்கம்பியில் கை வைத்துக்கொண்டு நின்றோம்.

பஸ் போய்விட்டது.