ஆறெழுத்து

வெருலத்தில் வீடு. கணக்குத் தணிக்கை என் பிழைப்பு.
பிழை எங்கே ஒளியும் என்று எனக்குத் தெரியும்:
கூட்டல் சரியாக வந்துவிட்ட இடத்தில்.

போன தை மாதம் இந்தியா போனேன்.
டர்பன், துபாய், சென்னை,
பிறகு ஒரு வெள்ளைக் கார்.
ஈச்சம்பட்டு.
எங்கள் ஊர் என்று வீட்டில் எல்லோரும் சொல்லிப் பழகிய,
ஒருவரும் பார்த்திராத ஊர்.

மேலத்தெரு மாடி வீட்டில் கேட்டார்கள்:
"நீங்க என்ன வகையறா?"
கடவுச்சீட்டில் இருப்பதைச் சொன்னேன்.
பிள்ளை.
துண்டால் தட்டிய நாற்காலி வந்தது.
வெள்ளித் தம்ளரில் காபி வந்தது.

பதிலுக்கு நான் கதை சொன்னேன்.
கடற்கரையில் எங்களுக்கென்று ஒதுக்கிய ஒரு துண்டு மணல்,
அஞ்சலகத்தில் இரண்டு வாசல்,
உட்கார்ந்த குற்றத்துக்காக
அப்பாவை எழுப்பிவிட்ட பூங்கா பெஞ்சு.
"மனுஷனை மனுஷன் இப்படியா" என்றார் வீட்டுக்காரர்.
அவர் மனைவி கண்ணைத் துடைத்துக்கொண்டார்.
பொய்க் கண்ணீர் இல்லை அது.

ஏரிக்கரைக்கு அப்பால் கூரைகள் தெரிந்தன.
"அங்க?"
"அது காலனி. பாக்க என்ன இருக்கு. வெயில் வேற."
வெயில்தான் என்று நினைத்தேன்.
காருக்குள்ளிருந்தே ஒரு படம் எடுத்தேன்.
நல்ல படம். கூடத்தில் மாட்டினேன்.

ஆவணியில், வம்சாவளி அட்டைக்கு மனுப் போட்டேன்.
விமான நிலைய வரிசை குறையுமாம்.
கப்பல் பட்டியலின் நகல் கேட்டார்கள்.
காப்பகத்தில் ஒரு பெண் கையுறை போட்டுப் புரட்டினாள்.

மூக்காயி. வயது பத்தொன்பது.
தகப்பன் சடையன். ஊர் ஈச்சம்பட்டு.
இடது கணுக்காலில் தழும்பு.
பிள்ளை அந்த வரியில் இல்லை.
அந்தப் பக்கத்திலேயே இல்லை.
சாதி என்ற கட்டத்தில்
எழுத்தர் ஆங்கிலத்தில் ஆறெழுத்து எழுதியிருந்தார்.

ஆறெழுத்து என்றால் எங்களுக்கு வேறு.
காவடி தோளேறும்போது சொல்வது.
இது அகராதியில் கிடப்பது.
எனக்குப் பதினாறு வயதில்
உலகப் பத்திரிகைகள் எங்கள் நாட்டையே
இந்தச் சொல்லால்தான் வைதன.
நானும் கட்டுரையில் எழுதினேன்.
ஆசிரியை ஓரத்தில் 'சபாஷ்' போட்டார்.
எங்கள் மொழியிலிருந்தே கப்பலேறிய சொல் என்று
நான் கேட்கவுமில்லை,
யாரும் சொல்லவுமில்லை.

கப்பலுக்கும் கரும்புக்கும் நடுவே யாரோ
பிள்ளை என்ற சட்டையை எடுத்து மாட்டியிருக்கிறார்.
அவரைக் குறை சொல்ல மாட்டேன்.
முதுகில் பிரம்பு விழும் ஊரில்
இருக்கிற சட்டையைத்தான் போட முடியும்.
ஆனால் என் முதுகில் எந்தப் பிரம்பும் இல்லையே.
விசா இருந்தது, கார் இருந்தது,
படிக்கத் தெரிந்த இரண்டு மொழி இருந்தது.
பெஞ்சுக் கதை சொல்லி அழ வைக்கத் தெரிந்தவள்
ஏரிக்கரை வரை நடக்கவில்லை.
முந்நூறு அடி இருக்குமா?

படத்தைக் கழற்றி வெளிச்சத்தில் பார்க்கிறேன்.
கூரையடியில் கொடி, கொடியில் துணி.
யாரோ முதுகு காட்டிக் குனிந்திருக்கிறார்.
பெரிதாக்கினால் புள்ளிகளாகிவிடுகிறார்.

அட்டை வந்துவிட்டது.
அடுத்த முறை என்ன வகையறா என்று கேட்டால்
சடையன் வகையறா என்று சொல்லவேண்டும்.
சொல்வேனா தெரியவில்லை.
அந்தக் காபி நன்றாக இருந்தது.

செவ்வாய்க்கிழமைகளில் நோமுசா வருவாள், பதினோரு வருடமாக.
அவளுக்கென்று ஒரு நீல எனாமல் குவளை,
பாத்திரத் தொட்டிக்கு அடியில், பினாயிலுக்குப் பக்கத்தில்.
அங்கே வைத்தது என் மாமியார்.
அங்கேயே இருக்கவிட்டது நான்.
இன்று அதைக் கழுவி
மற்றக் கோப்பைகளோடு அலமாரியில் வைத்தேன்.

பத்து மணிக்குக் குனிந்து தேடினாள்.
"என் குவளை எங்கே?"
"மேலே. எதில் வேண்டுமானாலும் குடி."
அலமாரியைப் பார்த்தாள்.
என்னைப் பார்த்தாள், நான் பார்வையை விலக்கும்வரை.
பிறகு குழாயைத் திறந்து
உள்ளங்கையில் ஏந்திக் குடித்தாள்.