சாக்குக் கழிவு

மூச்சை எண்ணப் போகிறேன் என்று
நோயாளியிடம் சொல்லக் கூடாது.
சொன்ன நொடியில் அது
போட்டோவுக்கு நிற்கிற பிள்ளைபோல விறைத்துக்கொள்ளும்.
அதனால் மணிக்கட்டைப் பிடித்து
நாடி பார்ப்பதாகப் பாவனை செய்து
கண்ணை மட்டும் விலாவில் வைப்பேன்.
பத்தொன்பது வருடமாக
இந்த ஒரு பொய்க்கும் சேர்த்துத்தான் சம்பளம்.

கோத்தகிரி, ஆண்கள் வார்டு, மூன்றாம் கட்டில்.
கதிர்காமன், அறுபத்தாறு.
பேரைக் கேட்டாலே தெரியும்
எந்தக் கடல் தாண்டித் திரும்பிய குடும்பமென்று.
ஃபேக்டரியில் தூள் சலிக்கும் அறை,
முப்பத்தோரு வருடம்.
"பீடியா?" என்று கேட்டார் டாக்டர்.
"இல்லீங்க, டஸ்ட்டு" என்றார்
அதுவும் ஒரு பீடிக் கம்பெனி போல.

உட்கார்ந்தே தூங்குகிறவர்.
மேசைமேல் இரண்டு தலையணை,
தலையணைமேல் முழங்கை,
கைமேல் நெற்றி.
படுக்க வைத்தால் மூழ்குவார்.

தை மாதத்துக் குளிர்.
விரலில் மாட்டிய கிளிப்
எண் காட்டாமல் கோடு கோடாக மினுக்கியது.
மெஷின் கெட்டுப்போச்சா என்றாள் அவர் மனைவி இருளாயி.
கெடவில்லை. விரல் ஜில்லிட்டிருந்தது.
என் இரண்டு உள்ளங்கைக்குள் வைத்துத் தேய்த்தேன்.
நாலு நிமிடம் ஆனது
எண்பத்தொன்பது எட்டிப் பார்க்க.

அவருக்கு எண்பத்தொன்பது போதும்.
இதை விளங்க வைப்பதுதான் பெரும்பாடு.
நான் பக்கத்து வார்டுக்குப் போய் வருவதற்குள்
இருளாயி குமிழைத் திருகி
இரண்டில் நின்ற குண்டை ஆறுக்கு ஏற்றியிருந்தாள்.
பாட்டில் தண்ணீர் உலை மாதிரி கொந்தளித்தது.
"தவிக்கிறாரே சிஸ்டர்,
காத்துதானே, அதுக்குமா ரேஷன்?"

கத்த வந்தேன். கத்தவில்லை.
இவர் உடம்பு பற்றாக்குறையிலேயே
வேலை செய்யப் பழகியது,
நிறையக் கொடுத்தால் அசந்து தூங்கிவிடும்,
அந்தத் தூக்கத்திலிருந்து எழுப்ப
ஊட்டிக்குக் கொண்டுபோக வேண்டும் என்றேன்.
மறுபடி இரண்டு.
கொடுக்க மனமில்லாதவளைப் பார்ப்பதுபோல
என்னைப் பார்த்தாள்.

ஒன்றேகாலுக்குக் கட்டபெட்டுப் பக்கம் மரம் விழுந்து
கரண்ட் போனது. ஜெனரேட்டர்
வார்டில் இருக்கிறவர்களைப் போலவே
இருமி இருமி நின்றது.
சிலிண்டர் சாவி என் இடுப்பு நாடாவில்.
செல்போன் வெளிச்சத்தை இருளாயி பிடித்தாள்.
அவள் கை ஆடவில்லை. என் கைதான்.

"சூடான டீயை ஊதுற மாதிரி ஊதுங்க.
குடிக்க வேண்டாம், ஊதினாப் போதும்."
இல்லாத டம்ளரை ஊதினார்.
இழுக்க ஒன்று, இரண்டு.
ஊத ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு.
கையைக் குழித்து முதுகில் தட்டினேன்.
ஆவி பிடித்தாயிற்று, வெந்நீர் கொடுத்தாயிற்று,
சளி இடத்தைவிட்டு அசையவில்லை.

மூன்று மணிக்கு மணிக்கட்டைப் பிடித்தேன்.
இருட்டில் விலா தெரியவில்லை.
கம்பளி ஏறி இறங்குவதை எண்ணினேன்.
ஸ்டூலிலிருந்து குரல்:
"மூச்சத்தானே எண்றீங்க?"
நான் பேசவில்லை. எண் தவறிவிடும்.
"மூணு நாளா பாக்குறேன். உங்க வாய் அசையுது."

பிறகு,
"எல நிறுக்கிற ஆளு மாதிரி
சாக்குக்குன்னு எத்தன கழிச்சீங்க?"

அவர் சிரித்தார்.
சிரிப்பு பாதியில் இருமலாகி
இருமல் அவரை இரண்டாக மடக்கி
ஒரு நிமிடம் நான் பயந்தே போனேன்.
கிண்ணத்தில் விழுந்தது
கெட்டியாக, கறுப்பாக,
இரண்டு மணி நேரமாக நான் கெஞ்சிய ஒன்று.
தலையைச் சாய்த்துக் கண்ணை மூடினார்.

விளக்கு வந்ததும் சார்ட்டில் எழுதினேன்.
இருளாயி தோளுக்குமேல் எட்டிப் பார்த்தாள்.
"எவ்வளவு, நெசமா?"
"இருபத்தாறு."
"நேத்து?"
"முப்பத்திரண்டு."
விரல் மடக்கினாள்.
"ஆறு கொறையுது."
"ஆமா."
"கொறஞ்சா நல்லதா, சிஸ்டர்?"
நல்லது என்றேன்.
நம்பாமல் இன்னொரு முறை கேட்டாள்.