வாடை

ஆற்றின் பெயர் போ.
எங்கள் மொழியில் அது கட்டளை,
இங்கே வெறும் பெயர்.
யார் சொன்னாலும் ஜனவரியில்
எதுவும் போவதில்லை.

மூன்று பக்கமும் மலை, நடுவில் சட்டிபோல் சமவெளி.
குளிர் வந்து தட்டுப்போட்டு மூடியதும்
பியேவேஸ்கூராவின் அடுப்பு, டிராக்டர், பன்றித் தொழுவம்
எல்லாம் ஒரே குழம்பாக உள்ளே வேகும்.

கல்லறைத் தோட்டத்துக்கும் கால்பந்துத் திடலுக்கும் நடுவே
ஒரு தகரப் பெட்டி. கூரையில் அதற்கொரு மூக்கு.
பதினைந்து நாளுக்கொருமுறை நீவெஸ் வருகிறாள்
(டீசல் வண்டியில்; அதை அவளே முதலில் சொல்லிவிடுவாள்).
நாளுக்கொரு வடிதாள்.
வைக்கும்போது பூசையில் நாக்கில் இடும் அப்பத்தின் வெள்ளை,
எடுக்கும்போது எலி முதுகு.

ஆண்டுக்கு முப்பத்தைந்து நாள்
வரம்பு மீறலாம் என்று சட்டம்.
பிப்ரவரி முடிவதற்குள்
முப்பத்தைந்தையும் செலவழித்துவிட்டு
மீதி ஆண்டைக் கடனில் மூச்சு விடுகிறது ஊர்.

எர்மெத்தே அவள் தங்கை புருஷன்.
ஆயிரத்து இருநூறு பன்றி.
பன்றிக்கு அறிவிப்புப் பலகை படிக்கத் தெரியாது,
சிவப்பு நாளிலும் கழியும்.
தொட்டி விளிம்புவரை நிற்கிறது.
சிவப்பில் வயலில் பரப்பினால் அபராதம்.
"காற்றுக்குச் சட்டம் போடுகிறீர்கள்,
என் பன்றிகளின் வயிற்றுக்கு யார் போடுவது?"
ஞாயிற்றுக்கிழமை மேசையில் கேட்டான்.
நீவெஸ் மக்காச்சோளக் களியைப் பிட்டுக்கொண்டிருந்தாள்.
லூச்சில்லா எழுந்துபோய்
அடுப்பில் இன்னொரு விறகு வைத்தாள்.
அந்தப் புகையும் கணக்கில் வரும் என்று
யாரும் சொல்லவில்லை.
குடும்பத்தில் ஏற்கெனவே போதுமான புகைச்சல்.

செவ்வாய் இரவு மூன்று மணிக்கு விழித்தாள்.
சாத்திய ஜன்னலுக்குள்
கண்ணைக் கரிக்கும் அந்த நெடி.
விளக்கணைத்த டிராக்டர் ஒன்று
மூடுபனிக்குள் போவதும் வருவதுமாக.
சத்தம் அவளுக்குப் பழக்கம்:
மூன்றாவது கியரில் இருமும்.
அவன் மகன் எலியோவும் அப்படித்தான்,
மாடிப்படியின் மூன்றாவது திருப்பத்தில்.

தொலைபேசியை எடுத்தாள்.
எண்ணை அழுத்துமுன் வைத்துவிட்டாள்.
வடிதாள் சொல்லட்டும்.

சொன்னது. எண்பத்தேழு.
ஆனால் வடிதாளில் கையெழுத்து இருக்காது.
எண்பத்தேழில் எது எர்மெத்தே,
எது லூச்சில்லாவின் விறகு,
எது மிலானுக்குப் போகும் லாரிகள்,
எது தன் வண்டி,
தராசுக்குக் கேட்கத் தெரியாது,
அவளுக்குக் கேட்க விருப்பமில்லை.

வெள்ளிக்கிழமை வடக்கே ஏதோ திறந்தது.
வாடை என்றால் எங்களுக்கு நாற்றம்.
வடக்கிலிருந்து வீசும் குளிர்காற்றும் வாடைதான்.
அன்று ஒரு வாடை
இன்னொரு வாடையைக் கழுத்தைப் பிடித்து வெளியே தள்ளியது.
பதினொரு மணிக்குச் சூப்பர் மார்க்கெட் வாசலில்
தள்ளுவண்டிகளோடு ஜனம் அப்படியே நின்றது:

மலை.

இவ்வளவு பக்கத்திலா?
வெளுத்து மடித்து
காலையில்தான் யாரோ இறக்கி வைத்துவிட்டுப் போனதுபோல்.
மருந்துக்கடைக்காரி படம் எடுத்தாள்.
உறைந்த மீன் பொட்டலம் கையில் உருக
ஒரு கிழவர் சிகரங்களின் பெயரைத் தப்புத் தப்பாகச் சொன்னார்.
எலியோ படிகளை இரண்டிரண்டாக ஏறினான்,
மேலே போய்த்தான் நினைத்துப் பார்த்தான்.

பலகை பச்சைக்கு மாறியது.
மதியத்துக்குள் சுற்றுவட்டாரத் தொட்டிகள் அத்தனையும்
வயலுக்கு வந்தன,
விளக்குப் போட்டுக்கொண்டு, வரிசையாக, சட்டப்படி.
எர்மெத்தே தொப்பியைக் கழற்றி அவளுக்குக் கை அசைத்தான்.
அவளும் அசைத்தாள், மூக்கைப் பொத்தாமல்.

ஆய்வுக்கூடத்துப் பையன்
வெள்ளிக்கிழமை வட்டத்தை இடுக்கியில் பிடித்து
இது போடாததா என்று கேட்டான்.
நீவெஸ் வெளிச்சத்துக்கு நேரே தூக்கிப் பார்த்தாள்.
போட்டதுதான்.
அடுத்ததை எடு என்றாள்.