ஒரு நூல் தாமதம்

விழுந்த மரத்தை அறுத்துக்கொண்டிருந்தவன்
அடுப்புக்கா என்று கேட்டான்.
ஆமாம் என்றேன்.
வில்லுக்கு என்றால்
யாரை அடிக்க என்பான்.
அதற்கு என்னிடம் பதில் இல்லை.

லக்கெரேயில், ஏப்ரல் மழைக்கு மறுநாள்.
ஆறடி முசுக்கட்டையை
பஸ்ஸில் ஏற்ற விடவில்லை.
தோள் மாற்றித் தோள் மாற்றி நடந்தேன்.
பட்டை உரசிய இடம் இரண்டு நாள் எரிந்தது.

பத்து மாதம் பரணில் கிடந்தது.
அறுபட்ட முனைகளை மெழுகுவத்தி உருக்கி அடைத்திருந்தேன்;
ஈரம் அவசரப்பட்டால் கட்டை வாய் பிளந்துவிடும்.
குறையக் குறைய எடையைக் காலண்டரில் எழுதினேன்,
பால் கணக்குக்குப் பக்கத்தில்.
ஜனவரியில் எடை இறங்குவது நின்றது.
பால் விலை மட்டும் ஏறியிருந்தது.

பகலில் பீன்யாவில் உருளைகளின் விட்டம் பார்க்கிறேன்.
இரண்டு மைக்ரான் பிசகினால் சிவப்புப் பெயிண்ட்,
தொட்டியில் ஒரு டிங்.
இரண்டு மைக்ரான் என்றால்
ஒரு தலைமுடியை முப்பத்தைந்தாய்க் கிழித்ததில்
ஒரு கீற்று.
ஒரு நாளில் நானூறு முறை
வேண்டாம் என்று சொல்லத் தெரியும் எனக்கு.

வில்லின் முதுகில்
ஒரே ஒரு வருடத்தை விட்டுவைக்க வேண்டும்.
அந்த வளையத்தைக் கத்தி எங்கும் அறுக்கக் கூடாது.
எந்த வருடமோ.
அகலமாயிருந்தது, நல்ல மழை போல.
யாரோ குடை மறந்து போன ஏதோ ஒரு சாயங்காலத்தின் மேல்தான்
இனி எல்லாம் நிற்கும்.

சுவரில் ஆணி அடிக்கக் கூடாதென்று
வீட்டு ஒப்பந்தத்தில் இருக்கிறது.
சன்னல் கம்பியில் கட்டி, கயிற்றைக் காலால் இழுத்து,
எதிரே பீரோக் கண்ணாடியில் பார்த்தேன்.
மேல்கை சொன்னதற்கு மேல் வளைந்தது.
கணு இருந்த கீழ்க்கை
காதிலேயே வாங்கவில்லை.
கீழ்க்கையைச் சீவினேன். அது அதிகமாகிவிட்டது.
மேல்கையைச் சீவினேன்.
அரம் போய்க் கண்ணாடிச் சில்லு வந்தது.
அரிசி களைந்த தண்ணீர் நிறத்தில் மடி நிறையத் தூள்.

மெலிந்ததைத் தேற்ற இங்கே வழியே இல்லை,
வலுத்ததை மெலிய வைக்கலாம், அவ்வளவுதான்.
இதற்குப் பெயர் சமன் என்றால்
எனக்கு உடன்பாடில்லை.
இருந்தும் சீவினேன்.
நாற்பது ராத்தல் இழுவை நினைத்துத் தொடங்கியது
முப்பத்திரண்டாகி
இருபத்தாறில் வந்து நின்றது.

நாண், மாடி வீட்டு இர்ஃபானா முறுக்கித் தந்தது.
சிட்லகட்டாவில் அவள் மச்சானுக்குப் பட்டுநூற்பு.
அறுபது இழை, தேன்மெழுகு, கட்டைவிரல் சூடு.
முறுக்கிக்கொண்டே சொன்னாள்:
புழு தின்னதும் இந்த இலையைத்தானே.
என் கை அப்படியே நின்றது.

இலை புழுவின் வயிற்றுக்குள் போய்,
கட்டை என் பரணில் கிடந்து,
ஒரே சாதி மரம்
இரண்டு வழியாகச் சுற்றி வந்து
தன்னையே இழுத்துக் கட்டிக்கொண்டிருக்கிறது.

ஞாயிற்றுக்கிழமை மொட்டை மாடி.
பழைய சேலை திணித்த அரிசிச் சாக்கு,
முனை மழுக்கிய மூங்கில் அம்பு.
முதலில் நான்தான் என்றிருந்தேன்.
அவள் எடுத்துவிட்டாள்.
இழுத்தாள், காதுவரை,
எனக்கென்று நான் அளந்ததைவிட நான்கு விரல் அதிகம்.
உடையவில்லை.
எதிரே நின்று பார்த்தேன்:
மேல்கை வந்துவிட்டது,
கீழ்க்கை ஒரு நூல் தாமதமாக வருகிறது.

சரியா என்றாள்.

பையில் சிவப்புப் பெயிண்ட் டப்பா இருந்தது.
சரி என்றேன்.

அம்பு சாக்கைத் தாண்டி
ஓனர் சென்னபசப்பாவின் தண்ணீர்த் தொட்டியில் டொக் என்றது.
கீழிருந்து குரல்: யாரது?
கன்னடமா தமிழா,
அந்த ஒரு வார்த்தையில் கண்டுபிடிக்க முடியாது.
சுவருக்குப் பின்னால் குனிந்தோம்,
அவள் முதலில்,
நான் ஒரு நூல் தாமதமாக.