எண் பொருந்தாத பெட்டி

பல்லாவரம் வெள்ளிக்கிழமைச் சந்தையில்
மிக்ஸி ஜாருக்கும் செத்துப்போன மோடத்துக்கும் நடுவே
அது படுத்துக்கிடந்தது.
"பைனாகுலர்ல பாதி மேடம், மீதி எங்கயோ போயிடுச்சு,
ஐந்நூறு குடுங்க" என்றார் கனி பாய்.
முகத்தைக் கல்லாக வைத்துக்கொண்டேன்.
பித்தளையில் அரசாங்க அம்புக்குறி.
எண் 32. வருஷம் 1944.
முன்னூற்றைம்பதுக்கு முடிந்தது.
மின்சார ரயில் மாம்பலம் தாண்டும்வரை
பையின் ஜிப்பைத் தொடவில்லை.

பகல் முழுக்க எழும்பூர் கண்ணாடிக் கடையில்
"இது தெளிவா, முன்னாடி போட்டது தெளிவா?"
ஊரார் கண்களுக்கெல்லாம் கேட்டுக்கொண்டிருப்பவள் நான்.
ராத்திரி எனக்கு நானே கேட்டுக்கொள்வேன்.

இந்த ஊர் ஈரம் கண்ணாடியைத் தின்னும்.
பூஞ்சை முதலில் ஒரு முடி,
ஐப்பசிக்குள் வேர்.
செருப்புக்கடைப் பையன் சேர்த்துத் தரும் சிலிக்கா பொட்டலங்களோடு
அரிசி டப்பாவில் மூன்று குழாய்கள் தூங்குகின்றன.
(சோற்றில் ஒருநாள் திருகாணி வந்ததை
ஆரோக்கியராஜ் இன்னும் சொல்லிக்காட்டுகிறார்.)

பிராக்கெட் கொச்சியிலிருந்து கூரியரில் வந்தது.
தகரப் பெட்டி பரங்கிமலையில்,
ஒரு வீட்டில் தையல் சாமான் வைத்திருந்தார்கள்.
குழாயின் எண் வேறு, பிராக்கெட்டின் எண் வேறு,
பெட்டியின் எண் வேறு.
ஒரே மாடியில் பேசாத வாடகைக்காரர்கள் மாதிரி
ஒன்றாக இருக்கின்றன.

பக்கத்து வீட்டுப் புகாரின் பேரில் வந்த இன்ஸ்பெக்டர் வேதமாணிக்கம்
"துப்பாக்கி எங்க?" என்றார்.
"இல்ல சார்."
"அப்புறம் எதுக்கும்மா இது?"
பதில் தேடிக்கொண்டிருந்தேன்.
அவர் ஜன்னல் வழியே எதிர் டீக்கடையைப் பார்த்தார்.
டிரம்மை ஒரு சொடுக்கு திருப்பினார்.
"நெத்தி வேர்வை தெரியுதே" என்று
மெதுவாகக் கீழே வைத்துவிட்டுப் போனார்.

பெட்டி மூடியின் துணிக்கு அடியில் ஓர் அட்டை.
பென்சிலில் தூரங்கள், கஜக்கணக்கில்:
வேலிக்கதவு 200
கிணறு 350
கோயில் மதில் மூலை 500
கடைசி வரியை யாரோ அழித்திருந்தார்கள்.

நானும் ஒன்று எழுதினேன், பெரம்பூர் மொட்டை மாடியில்:
தண்ணீர்த் தொட்டி 100
செல்போன் கோபுரம் 600
பரிமளா ஜன்னல் 150
இந்தக் குழாயில் நடுவே
கீழிருந்து ஒரு கம்பம் எழும்பி நிற்கும்.
யாரைப் பார்த்தாலும்
அவர் அதன் நுனியில் உட்காருவார்.
பரிமளா உட்கார்ந்தாள்.
நான் போட்டுக்கொடுத்த கண்ணாடியைக் கழற்றி
மூக்குத்தண்டைத் தேய்த்தாள்.
இடப்பக்கம் சிவந்திருந்தது.

மறுநாள் கடைக்கு வந்தவளிடம் அவள் வாய் திறக்குமுன்
இடப்பக்கத் தாங்கியை அரை மில்லி விரித்துக் கொடுத்தேன்.
"அழுத்துதுன்னு எப்படிக்கா தெரியும்?"
"சும்மா. தோணுச்சு."

அன்றிரவு என் அட்டையில் அந்த வரியை அழித்தேன்.
பென்சில் போய்விட்டது, பள்ளம் போகவில்லை.
விளக்குக்கு நேரே சாய்த்தால்
நூற்றைம்பது அப்படியே படிக்கிறது.

பழைய அட்டையை
இன்னும் சாய்த்துப் பார்க்கவில்லை.

கனி பாய் போன் செய்தார்.
தோலில் ஒரு லென்ஸ் மூடி வந்திருக்கிறதாம்,
வாரோடு.
வெள்ளிக்கிழமை லீவு சொல்லியிருக்கிறேன்.